பன்னிரண்டு கோரிக்கை, எட்டுப் பக்கம்

மலாயாவின் ரப்பர் தோட்டப் பள்ளிகளின் முதல் தலைமுறைகள் பால்மரக் காட்டுக்குள் உட்கார்ந்து காவிரியைப் படித்தன. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தன. அவற்றில் வந்த ஆறும் அரசரும் அறுவடையும் அக்கரைக்குரியவை. சிலாங்கூரின் கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பிறந்த பிள்ளைக்கு அவை பெற்றவர்கள் பெருமூச்சோடு சொல்லும் பெயர்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கண்ணால் கண்ட உலகம் வேறு: இருட்டிலேயே எழுந்து வேலைக்குக் கிளம்பும் தாய், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் சொட்டும் பால், பால் நிறுக்கும் கொட்டகையில் தோட்டக் கணக்கரான கிராணி விரித்து வைத்திருக்கும் கணக்கு நோட்டு. இந்த உலகத்துக்குப் பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்க நெடுங்காலம் ஆனது. பிள்ளையின் கையே அதை வரைந்து பாடமாக்க இன்னும் நெடுங்காலம் ஆனது. அந்த வேலை இன்றும் பாதியில்தான் நிற்கிறது.

பள்ளிகள் முளைத்ததே சட்டத்தின் நெருக்குதலால்தான். 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயது வரையுள்ளவர்கள், பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்றன. எப்படிப்பட்ட பள்ளி என்பது தோட்ட மேலாளரான துரையின் மனத்தைப் பொறுத்தது. கிராணியோ கங்காணியோ நாலெழுத்துத் தெரிந்த தொழிலாளியோ வாத்தியார் ஆனார். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும் நடந்தது. துரைமார் கணக்கில் பள்ளி என்பது கூலிக் குடும்பங்களைத் தோட்டத்திலேயே பிடித்துவைக்கும் செலவு. வாசிக்கவும் கூட்டிக் கழிக்கவும் வந்தால் போதும் என்ற அளவில் அது நின்றது.

படமும் கதையும் பள்ளிக்கு வெளியே தாராளமாகக் கிடைத்தன. சென்னையில் இரத்தின நாயக்கர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட ‘பெரிய எழுத்து’ நூல்கள் கடல்கடந்த தமிழர் கைகளுக்கும் போயின. நல்லதங்காள், அல்லி அரசாணி போன்ற கதைகள் மரக்கட்டை அச்சுப் படங்களோடு வந்தன. படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது தமிழர் போன இடமெல்லாம் போன பழக்கம். எழுத்தறியாதவருக்குப் படம் கதையின் அடையாளக் கல். ஆனாலும் இந்த நூல்களைப் பள்ளி ஒருபோதும் தன்னுடையதாக நினைக்கவில்லை. பாடம் ஒருபக்கம், படக்கதை மறுபக்கம் என்ற பிரிவினை அன்றே விழுந்துவிட்டது.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நிலைமை வேறு. 1880களில் நகரத்தைச் செங்கல்லால் கட்டியெழுப்பச் சூளைகள் எரிந்த இடம் அது. பிறகு இரயில்வேயின் ஊராயிற்று. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழகத்துத் தொழிலாளர்களும் அங்கே குடியேறினர். 1904-இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம் பள்ளிகளை நடத்தியது. குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளில் பலர் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். அங்கே அவர்கள் படித்தது தேம்ஸ் நதியை. ஆக, கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு கோடியில் காவிரி, மறு கோடியில் தேம்ஸ். நடுவே ஓடிய கிள்ளான் ஆற்றை யாரும் கேள்வித்தாளில் கேட்கவில்லை.

பெரியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையை அச்சில் பார்க்கும் வழி முதலில் திறந்தது. 1924-இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ தொடங்கினார். அதன் துணையாசிரியர்களில் ஒருவரான ஆர். எச். நாதன்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை வழிநடத்தி, 1941-இன் பெரும் வேலைநிறுத்தத்துக்கு முகமாக இருந்தவர்.

அந்த வேலைநிறுத்தத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்று தொடங்கிய கிளர்ச்சி, சில வாரங்களில் மரியாதைக்கான போராட்டமாக மாறியது. தொழிலாளர்கள் காந்திக் குல்லாய் அணிந்து வேலைக்கு வந்தார்கள். தொழிலாளர் தரப்பில் வைக்கப்பட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில் கூலி ஒன்றுதான். கொடுமைக்காரத் துரைகளையும் கிராணிகளையும் மாற்ற வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதோடு இன்னொன்று: துரைக்கும் தோட்ட அதிகாரிகளுக்கும் முன்னால் சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை.

மே மாதம் நாதன் கைதானார், பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவ, இந்தியப் படைவீரர்களையே கொண்டுவந்து அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டனர். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் இரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கல்விக் கோரிக்கை மற்றவற்றோடு சேர்ந்து கிடப்பில் போனது.

போருக்குப் பின் பள்ளியை முந்திக்கொண்டு பத்திரிகையே வகுப்பறை ஆனது. 1950-51இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடம் வெளிவரும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். தேர்வும் உண்டு, தரம் பிரித்தலும் உண்டு. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகள் பலர் இந்த வகுப்பின் மாணவர்கள். அடுத்து கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து நேசனில் பணியாற்றிய ஆண்டுகளில் அவரைச் சுற்றியும் ஓர் இலக்கிய வட்டம் கூடியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ அதே காலத்தில் மாணவர்களுக்கென்று ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியைத் திறந்தது. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த பிள்ளைகள் கட்டுரையும் கவிதையும் அனுப்பினார்கள். தாளில் கூடிய அந்தக் கூட்டம் பின்னர் ஊர் ஊராக மணிமன்றங்களாகக் கிளைத்தது. 1952-இல் சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் விழாக்களும் பேச்சு, எழுத்துப் போட்டிகளால் பிள்ளைகளை இழுத்தன.

இந்த ஊக்கத்துக்குப் பின்னால் தமிழகத்தின் கையெழுத்துப் பத்திரிகை மரபு இருந்தது. 1940களின் தொடக்கத்தில் திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்று கையாலேயே எழுதிப் படியெடுத்து ஓர் ஏடு நடத்தினார். 1942-இல் ‘முரசொலி’ பிறந்தபோது அதுவும் துண்டு வெளியீடாகத்தான் வந்தது. எழுதுகிறவர், படியெடுக்கிறவர், வீடு வீடாகக் கொடுக்கிறவர் எல்லாம் ஒருவரே. பணமில்லாதவர் பத்திரிகை நடத்த அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இந்த ஏடுகளிலும் மணிமன்றப் பக்கங்களிலும் நிறைந்தது மொழிப்பற்று, கவிதை, சீர்திருத்தம். அறிவியலும் கணக்கும் எட்டிப் பார்ப்பது அரிது. பாட வேளை முடிந்து மணி அடித்த பிறகே பிள்ளையின் பேனா திறந்தது.

பாட வேளைக்குள்ளேயே அதைத் திறந்தவர் ஒரு பிரெஞ்சுக் கிராமத்து ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்ட செலஸ்தேன் ஃபிரெனேவால் நீண்ட நேரம் நின்று பேச முடியவில்லை. 1924-இல் தன் வகுப்புக்கு ஒரு சிறிய அச்சு இயந்திரம் வாங்கிவந்தார். பிள்ளைகள் வெளியே நடந்துபோய்ப் பார்த்ததை எழுதி, எழுத்துகளைத் தாங்களே கோத்து, அச்சடித்து, தொலைதூரத்துப் பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். பதிலுக்கு அங்கிருந்தும் ஏடு வந்தது. இலக்கணமும் புவியியலும் அந்தப் போக்குவரத்தில் கற்கப்பட்டன. கோலாலம்பூரில் தமிழ் நேசன் பிறந்ததும் அதே ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் ஒன்று பெரியவர்களுக்குக் கொடுத்ததை மற்றது பத்து வயதுக்காரர்களுக்குக் கொடுத்தது.

மலாயாவில் இயந்திரம் வந்தது, வேறு வேலைக்கு. மெழுகுத்தாளில் கூர்முனைப் பேனாவால் எழுதி, மை உருளையில் ஏற்றிப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் பள்ளிகளுக்குள் புகுந்தபோது, அது பெரும்பாலும் தேர்வுத்தாள்களையே உமிழ்ந்தது. படம் வரைவதற்கு மெழுகுத்தாளைப் போல இணக்கமான பரப்பு வேறில்லை. அச்சுக்கட்டை செய்யும் செலவுகூடக் கிடையாது. ஒரு வகுப்பின் ஏட்டை ஒரு மாலையில் முப்பது படி எடுத்துவிடலாம். அந்த வாய்ப்பைத் தவறவிட்டதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் இடத்தில் ஏடு தயாரிக்க எங்கே நேரம்?

கல்வி பற்றிய 1956-இன் ரசாக் அறிக்கைக்குப் பிறகு பாடத்திட்டம் நாட்டுக்குப் பொதுவானது. பாடநூலில் மலாயா வந்தது. படங்களும் உள்ளூர் முகம் கொண்டன. இது பெரிய மாற்றம், ஐயமில்லை. ஆனாலும் வரைந்தவர் அப்போதும் பெரியவர்தான். பிள்ளை வண்ணம் தீட்டியது.

வகுப்புக்கு வெளியே படக்கதைப் பசி தீர வழி இருந்தது. 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வும் 1970களில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் கடல் தாண்டி வந்தன. உள்நாட்டிலோ, பேராக்கைச் சேர்ந்த முகமது நோர் காலிட் என்ற பையன் 1964-இல், 13 வயதில், தான் வரைந்த படக்கதையைப் பினாங்கு பதிப்பாளருக்கு அனுப்பினான். பெரியவர் அனுப்பியது என்று எண்ணிய பதிப்பாளர் இருபத்தைந்து வெள்ளி கொடுத்து வெளியிட்டார். அவர்தான் பின்னாளில் லாட். 1979-இல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ ஒரு மலாய்ச் சிறுவனின் வளர்ப்பையும் கிராமத்தையும் அங்கு நெருங்கிவரும் ஈயம் தோண்டும் கப்பலையும் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் சொன்னது. வரலாறு, புவியியல், பொருளியல் மூன்றும் அதில் இருக்கின்றன, தலைப்பு மட்டும் போடவில்லை. தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ச் சிறுவனின் கதையும் இப்படிக் கோட்டில் வந்து, அதே அளவு புகழ் பெற்றிருந்தால் பள்ளிகளில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்த இடத்தைத் தமிழில் பாட்டு ஓரளவு நிரப்பியது. கேரித்தீவில் பிறந்து ஆசிரியரான கவிஞர் முரசு நெடுமாறன் பிள்ளைகளுக்கான பாடல்களை வாழ்நாள் வேலையாகச் செய்தார். 1997-இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்ற பெருந்தொகுப்பையும் தந்தார். அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய ‘முரசு’ மென்பொருள், கணினியில் தமிழ் எழுதப் பலருக்குத் துணையானது. அச்சகத்தை நம்பாமல் மேசைமேலேயே தமிழ்ப் பக்கம் கட்டலாம் என்ற நிலை கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஃபிரெனேயின் அச்சு இயந்திரம் இன்னும் மலிவாக, இன்னும் சிறியதாகக் கிடைத்தது என்றே சொல்லலாம்.

அதே காலத்தில் தேர்வின் பிடியும் இறுகியது. 1988 முதல் ஆறாம் ஆண்டு முடிவில் யுபிஎஸ்ஆர் என்ற பொதுத்தேர்வு. எத்தனை ‘ஏ’ என்பதில் பள்ளியின் மானம். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்குப் போயின. 2011-இல் புதிய பாடத்திட்டத்தோடு தமிழுக்குத் திரும்பத் தொடங்கின. இந்த அலைக்கழிப்புக்கு நடுவே பிள்ளையின் கை இரண்டு இடங்களில் பிழைத்தது. ஒன்று திரட்டேடு. நாட்டின் மன்னர்கள், மூலிகைகள், போக்குவரத்து என்று ஏதேனும் தலைப்பில் படம் வெட்டி ஒட்டிக் குறிப்பு எழுதும் நோட்டு. அதில் பாதியை ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாதான் ஒட்டினாள் என்பது ஆசிரியருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். மற்றொன்று, 2010களில் எல்லாப் பள்ளிக்கும் வந்த குமிழி வரைபடம், பால வரைபடம் முதலான சிந்தனை வரைபடங்கள். நல்ல கருவிகள்தாம். ஆனால் பெட்டியும் வட்டமும் ஏற்கெனவே வரையப்பட்டிருக்க, பிள்ளை சொற்களை நிரப்புவதோடு நின்றுவிடும்.

2021-இல் யுபிஎஸ்ஆர் எடுக்கப்பட்டது. மதிப்பீடு வகுப்பறைக்குள் வந்தது. பிள்ளை செய்து காட்டியதைக் கொண்டு தரம் சொல்ல ஆசிரியருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரே தாளை மடித்துப் பிள்ளை தானே எழுதி வரையும் மடிப்பிதழுக்கு இதைவிட ஏற்ற காலம் முன்பு இருந்ததில்லை.

ஸீன் என்று இளைஞர்கள் சொல்லும் இந்தச் சிற்றேட்டு வடிவம் 1930களில் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றவிட்ட படியெடுத்த தாள்களில் தொடங்கியது. 1970களில் பங்க் இசைக்காரர்கள் அதைக் கத்தரிக்கோலும் நகலெடுக்கும் இயந்திரமும் கொண்டு தங்களுடையதாக்கினார்கள். அங்கிருந்து கோலாலம்பூரின் சுயேச்சை இசைக் கூட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. மலேசியாவில் பருவ இதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும் என்கிறது 1984-ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம். 2012 வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்டில், ஒரே முறை வந்து மறைந்துவிடும் தாள்களுக்குத் தனிக் கவர்ச்சி இருந்ததில் வியப்பில்லை.

பள்ளிக்கு உகந்தது எட்டுப் பக்க மடிப்பு. ஓர் ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள். நடுக்கோட்டில், நடுவிலுள்ள இரண்டு கட்ட நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு. மறுபடி மடித்தால் கம்பி இல்லாமல், பசை இல்லாமல் ஒரு குட்டிப் புத்தகம். பக்கம் ஏறத்தாழ 74-க்கு 105 மில்லிமீட்டர். பாதி, கால், அரைக்கால் என்று பின்னம் கையிலேயே நடக்கிறது. விரித்த தாளில் நான்கு பக்கங்கள் தலைகீழாக நிற்கும். எந்தப் பக்கம் எங்கே என்று முன்கூட்டியே யோசிக்காத பிள்ளையின் நாயகன் தலைகீழாக நடப்பான். எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பதால் நகலெடுக்கத் தலைக்கு ஒரு தாள்தான் செலவு. இதில் ஏடிஸ் கொசுவின் வாழ்க்கையைச் சொல்லலாம். டிங்கி சிலாங்கூர்க்காரர்களுக்குப் புத்தகத்துச் செய்தி அல்ல. முட்டையிலிருந்து பறக்கும் கொசு வரை ஒரு வாரம், பத்து நாள். பூச்சாடித் தட்டில் நின்ற தண்ணீரில் நாளுக்கு நாள் கண்டதைப் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்த பிள்ளைக்கு, புழுவையும் கூட்டுப்புழுவையும் மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

தமிழகத்தில் இதற்குப் பக்கத்துணை உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987 முதல் படங்களோடு அறிவியல் சொல்லி வருகிறது. 2022-இல் அரசே ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பிள்ளைகளின் படைப்புகளும் அவற்றில் வருகின்றன. ஆனால் மாநிலம் முழுதுக்கும் ஓர் இதழ் என்றால், அச்சேறும் பிள்ளை ஆயிரத்தில் ஒருவர். மடிப்பிதழில் முப்பது பேர் வகுப்புக்கு முப்பது ஆசிரியர்கள்.

இதிலும் ஏமாற்று உண்டு. அட்டைக்கு மினுமினுப்பு ஒட்டுவதிலேயே ஒரு பாட வேளை போய்விடும். இணையத்திலிருந்து இறக்கிய பத்தியைச் சின்ன எழுத்தில் நகலெடுத்தால் அது பழைய திரட்டேட்டின் சின்னத் தம்பி. போட்டி வைத்துக் கேடயம் கொடுக்கத் தொடங்கினால் மறுபடி அம்மா ராத்திரி பதினொரு மணிக்கு உட்காருவாள். இடம் சிறியதாக இருப்பதுதான் இந்த வடிவத்தின் ஒரே பலம்: எல்லாவற்றையும் போட முடியாது.

2014 முதல் வரலாறு நான்காம் ஆண்டிலேயே தனிப் பாடம். பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைக்கு விவேகானந்த ஆசிரமம் கண்ணெதிரே நிற்கிறது. 2014-இல் அங்கே அடுக்குமாடி கட்டும் திட்டம் எழுந்ததும், ஊரார் எதிர்த்ததும், பின்னர் அது மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் ஓர் இதழுக்குக் கதை. கட்ட நினைத்தவர்களின் வாதத்துக்கும் ஒரு பக்கம் கொடுத்தாக வேண்டும். கிள்ளான் பிள்ளைக்கு 1941-இன் வேலைநிறுத்தம் இருக்கிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டப் பள்ளிகள் பல மூடப்பட்டன, சில நகரத்துக்கு இடம் பெயர்ந்தன. மொத்தத் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். பால்வெட்டிய பாட்டிகளில் இன்னும் சிலர் லயத்துக் கதை சொல்ல இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் படிப்பது நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றான சிம்பாங் லீமா போன்ற இடங்களில்.

எட்டுப் பக்கத்தில் முன்னட்டை, பின்னட்டை போனால் மீதி ஆறு. 1941-இன் கோரிக்கைகளோ பன்னிரண்டு. எந்த ஆறை வைப்பது, எதை எதோடு சேர்ப்பது, எதை விடுவது? கூலிக்கு ஒரு பக்கம், கள்ளுக்கடைக்கு ஒரு பக்கம் என்று ஒரு குழு சொல்லும். பள்ளிக்கூடம் கேட்டது நமக்காகத்தான், அதை நடுப்பக்கத்தில் போடு என்று இன்னொரு குழு வரிந்து கட்டும். பேச்சுரிமையை எப்படி வரைவது என்று ஒருத்தி கேட்பாள். அதற்கு ஆசிரியரிடமும் உடனே பதில் இருக்காது. சைக்கிளை விட்டுவிடலாம் என்று மட்டும் யாரும் சொல்லப்போவதில்லை.